முதல் போடாத பங்காளி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்பில் குறை சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அங்கே அதைவிட ஒரு படி மேலாகவே இருக்க வேண்டும். விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் குடோனில் கட்டு தூக்கும் ஒட்டகத்துக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய்விட்டன. அவருடைய வைத்தியச் செலவுக்கு நானே பொறுப்பு என்று ஆஸ்பத்திரித் தாளில், போடவே கூடாது என்று நீ போனில் மூன்று தடவை சொன்ன அந்தக் கையெழுத்தை நான் போட்டுவிட்டேன். திட்டுவதற்கு முன்னால் முழுதாகப் படி. போனில் சொன்னால் பாதியிலேயே அம்மா அம்மா என்று குறுக்கே வருவாய், நான் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும், அதனால்தான் கடிதம்.

ஒட்டகத்தை உனக்கு நன்றாகத் தெரியும். நீ கல்லூரிக்குக் கிளம்பிய அன்று உன் டிரங்குப் பெட்டியை ஒரே கையால் பஸ் கூரைக்கு ஏற்றினாரே, அவர்தான். ஐம்பது காலிச் சாக்கை அடுக்கி இறுக்கிய கட்டை முதுகில் வைத்துக்கொண்டு லாரிப் பலகையில் ஏறினால் பலகைதான் முனகும், அவர் முனகமாட்டார். காலையில் வரும்போது ஒரு டம்ளர் தண்ணீர், வேலை முடிந்து ஒரு டம்ளர், நடுவில் ஒரு சொட்டு கிடையாது. அதனால்தான் அந்தப் பேர். பேர் வைத்தது மற்ற லோடுமேன்கள் என்றாலும் அதைப் பெரிதாக்கியது நான். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் அவரைக் காட்டி, இவரைப் பாருங்கள், லாரி நிறைகிற வரை இடத்தை விட்டு அசையமாட்டார் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அவர் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே அடுத்த கட்டுக்குக் குனிவார். மூன்று வாரத்துக்கு முன்னால் மத்தியானம் இரண்டரை மணிக்கு, பலகையில் பாதி ஏறியவர் கட்டோடு பக்கவாட்டில் சரிந்தார். கீழே பிரிக்காத சாக்குக் குவியல் கிடந்ததால் எலும்பு தப்பித்தது. வெயில் மயக்கம்தான், முகத்தில் தண்ணீர் தெளித்தால் எழுந்துவிடுவார் என்று எல்லோரும் நினைத்தோம். எழுந்தார், ஆனால் வாந்தி நிற்கவில்லை, கால் இரண்டும் பானை மாதிரி வீங்கியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். எத்தனை நாளாக அப்படி என்று கேட்டால், செருப்பு இறுக்கமாக இருக்கிறது என்று நினைத்தாராம்.

ஆஸ்பத்திரியில் இருந்தது சின்ன வயது டாக்டரம்மா. இது இன்றைக்கு வந்த வியாதி இல்லை, பல வருஷமாக வெயிலில் உடம்பு காய்ந்து காய்ந்து வந்தது என்றார். வேலை பார்க்கிற இடத்தில் குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. வாசலில் ஒரு கேன், தையல் பகுதியில் ஒரு கேன், இரண்டும் காசு கொடுத்து வாங்குகிற சுத்தத் தண்ணீர் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அப்படியானால் இவர் ஏன் குடிக்கவில்லை என்று கேட்டார். ஒட்டகத்தின் மனைவி நம் குடோனிலேயே சாக்கு தரம் பிரிக்கிறவள், அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றவள், என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். "குடிச்சா ஒண்ணுக்குப் போகணும் டாக்டர். போனா டோக்கன் போயிடும். டோக்கன் போனா அன்னிக்கு லாரி இல்ல."

டோக்கன் பலகையை நீ மறந்திருக்கலாம். யார் முதலில் ஏற்றுவது என்று தினமும் அடிதடியாக இருந்த காலத்தில் நான் கண்டுபிடித்தது. வருகிற வரிசையில் ஆளுக்கு ஒரு பித்தளை வில்லை ஆணியில் மாட்ட வேண்டும், முறை வரும்போது ஆள் இடத்தில் இல்லையென்றால் வில்லை கடைசி ஆணிக்குப் போய்விடும். சண்டை அன்றோடு ஒழிந்தது. நான் பெரிய புத்திசாலி என்று கடைத்தெரு முழுக்கப் பேச்சு. கழிப்பறை பின்பக்கச் சுவர் ஓரம் இருக்கிறது, போய்த் திரும்ப எட்டு நிமிஷம், இப்போது நானே நடந்து பார்த்தேன். அந்த எட்டு நிமிஷத்தைப் பதினெட்டு வருஷமாக நான் கணக்கில் எடுக்கவில்லை. பெண்களும் அப்படித்தான் இருந்திருக்கிறார்கள், தையல் மிஷின் எட்டில் ஆறு பேருக்கு நீர்க்கடுப்பு, யாரும் வாயைத் திறக்கவில்லை. நான் கட்டில் பக்கத்தில் போய் நின்றபோது ஒட்டகம் என்னிடம் வேறு எதுவும் கேட்கவில்லை. "என் டோக்கனை யாருக்கும் குடுத்துடாதீங்கக்கா, திங்கக்கிழமை வந்துடறேன்" என்றார். வாரத்துக்கு இரண்டு தடவை, உயிர் இருக்கிறவரை, இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது அவருக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரியும், கையில் அந்தத் தாளை வைத்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் உன் போன் வந்தது. அவர் நிரந்தர ஆள் இல்லை, லாரிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர், சட்டப்படி உங்களுக்குப் பொறுப்பு இல்லை, பொறுப்பாளர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டால் அதற்கு முடிவே கிடையாது, ஏதாவது கொடுக்க நினைத்தால் ஒரு தொகையைக் கையில் கொடுத்து ஒதுங்குங்கள், முடிந்தால் குடோனையே விற்றுவிட்டு இங்கே வந்துவிடுங்கள் என்றாய். நீ தணிக்கை ஆபீஸில் இருக்கிறவள், நீ சொன்னதில் சட்டத்துக்குக் குறையில்லை. உன்னிடம் என்ன மறைக்க, உன் போன் வருவதற்கு முன்னால் நானும் அதே கணக்கைத்தான் மனதுக்குள் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு தடவை ரத்தம் சுத்தம் செய்ய ஆகிற செலவு, நாம் இரண்டாயிரத்து ஐந்நூறு சாக்கு விற்றால் வரும் லாபம். வாரத்துக்கு ஐயாயிரம் சாக்கு. அதாவது வாரம் பிறந்தால் அரை லாரியை நான் அவருக்காக மட்டும் ஏற்ற வேண்டும். கையைக் கடிக்கிற கணக்குதான். ஆனால் எதிரே அந்தப் பெண் நிற்கிறாள், கத்தவில்லை, காலில் விழவில்லை, ஒரு பழிச்சொல் சொல்லவில்லை. டாக்டர் கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். நான் போட்ட விதியால் வந்த செலவை, எனக்குப் பொறுப்பில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது? பேனாவை வாங்கிப் போட்டேன். போட்டுவிட்டு வெளியே வந்தபோது எனக்குப் பயமாக இல்லை, கோபம்தான் வந்தது, ஏனென்றால் இந்தச் செலவு முழுவதும் என் தலையில் மட்டும் விழ வேண்டியது இல்லை என்று அப்போதே தோன்றிவிட்டது.

முதலில் இன்சூரன்ஸ்காரரிடம் போனேன். பதினோரு வருஷமாக ஒரு தவணை பாக்கி இல்லாமல் எல்லா ஆட்களுக்கும் விபத்துக் காப்பீடு கட்டுகிறேன். குளுகுளு அறையில் உட்கார்ந்து, வெயில் விபத்துக் கணக்கில் வராது என்றார். பலகையிலிருந்து விழுந்தாரே என்றேன். விழுந்தது விபத்துதான், ஆனால் எலும்பு முறியவில்லையே என்றார். முறிந்திருந்தால் கொடுப்பீர்களா என்று கேட்டேன், கண்டிப்பாக என்றார். அப்படியானால் அவரை இன்னொரு தடவை பலகையில் ஏற்றி, இந்த முறை ஒழுங்காக விழச் சொல்லட்டுமா என்று கேட்டேன். மனிதர் சிரிக்கவும் இல்லை, எழுதிக்கொள்ளவும் இல்லை. அடுத்த தவணை நாளை மட்டும் ஞாபகப்படுத்தினார். அந்தத் தவணை அவருக்குப் போகாது, அதை நானே சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து பழைய ஆள்கணக்குப் புத்தகங்களை எல்லாம் பரணிலிருந்து இறக்கச் சொன்னேன். அப்பா தும்மிக்கொண்டே இறக்கினார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வெயில் மாதங்களில் உடம்பு சரியில்லை என்று ஆட்கள் வராத நாள் எல்லாம் சேர்த்துப் பதினான்கு. போன வருஷம் அறுபத்து மூன்று. அப்போது வெயில் காலம் இரண்டு மாதம், இப்போது நாலரை மாதம். அப்பா தன் பங்குக்கு ஒரு வெப்பமானி வாங்கி வந்து குடோன் தூணில் மாட்டி, வேளாவேளைக்குக் குழந்தைக்கு ஜுரம் பார்ப்பது போலப் பார்த்தார். காலை எட்டு மணிக்கு முப்பத்து மூன்று, மத்தியானம் இரண்டு மணிக்குத் தகரக் கூரைக்கு அடியில் நாற்பத்தாறு. காலையில் ஏற்றினால் ஒரு லாரி இரண்டேகால் மணி நேரத்தில் நிறைகிறது, மத்தியானம் அதே லாரிக்கு நாலு மணி நேரம். அந்த நேரத்துக்கு லாரிக்காரருக்குக் காத்திருப்புப் பணம். ஊசி ஏறிய விரலுக்குக் கட்டு, ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு எண்ணிக் கட்டியதால் திரும்பி வந்த சரக்கு, மருந்துக்கு முன்பணம் என்று எல்லாவற்றையும் கூட்டினால், கையெழுத்துப் போடுவதற்கு முன்பிருந்தே நான் இந்த வெயிலுக்குப் பணம் கட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். ஒரு பைசா முதல் போடாமல் ஒரு பங்காளி என் கடையில் உட்கார்ந்து வருஷா வருஷம் பங்கைக் கூட்டி எடுத்துக்கொண்டு போயிருக்கிறான், வியாபாரம் மந்தம் என்று நான் வேறு யாரையோ திட்டிக்கொண்டிருந்தேன். நீ போன மாதம் போனில் அனுப்பிய அறிக்கையையும் அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்துக் காட்டினார். நாட்டு வருமானத்தில் வெயிலால் வரும் நோய் இத்தனை சதவீதம் தின்கிறது என்று போட்டிருந்தார்கள். நல்ல அறிக்கைதான். அந்தச் சதவீதத்தை யாரிடம் போய் வசூல் செய்வது என்று மட்டும் எழுதவில்லை. அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன்.

நம் சாக்கு ஏன் உச்சி வெயிலில் ஏறுகிறது தெரியுமா? நம் சரக்கை வாங்குகிற மாவு மில்லில் எடைமேடை சாயங்காலம் நாலு மணிக்குத்தான் சாக்கு லாரிக்குத் திறக்கும். அதற்கு முன்னால் தானிய லாரிகளுக்கு. நாலு மணிக்கு அங்கே நிற்க வேண்டுமென்றால் நாம் மத்தியானம் ஏற்ற வேண்டும். காலையிலேயே ஏற்றி நிறுத்தினால் நாலு மணி வரை காத்திருப்புப் பணம், முதல்நாள் சாயங்காலமே ஏற்றி வைக்கலாம் என்றால் லாரிக்காரர் இரவு வாடகை கேட்பார். இத்தனை வருஷமாக மில் சொன்ன நேரத்துக்குத் தலையை ஆட்டினோம், ஏனென்றால் நாம் மறுத்தால், தன் சாக்கு எல்லாம் இரட்டைத் தையல் என்று பீற்றியே அந்தப் பேர் வாங்கிய மேலத்தெரு இரட்டைத் தையல்காரர் சரக்குப் போடுவார், அவர் மறுத்தால் நாம் போடுவோம். அதனால் மில்லுக்குப் போவதற்கு முன்னால் இரட்டைத் தையலிடமே போனேன். சிரிக்காதே. நம் வாசலில் நின்று, இவளுடைய சாக்கில் மாவு கட்டினால் வழியெல்லாம் கோலம் போட்டுக்கொண்டு போகும் என்று கத்தின அதே மனிதர்தான். இருபது வருஷத்தில் அவர் குடோனுக்குள் நான் கால் வைத்தது அன்றைக்குத்தான். நாற்காலி போடாமல், என்னக்கா, கடையை விலைக்குக் குடுக்க வந்தீங்களா என்று கேட்டார். இல்லை, உங்கள் லோடுமேன்களில் எத்தனை பேருக்குக் கால் வீக்கம் என்று கேட்க வந்தேன் என்றேன். மேஜை மேல் இருந்த கோணி ஊசியை எடுத்து டப்பாவில் போட்டார். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டார். மூன்று பேராம். ஒருவர் போன வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டார், மாரடைப்பு என்று வெளியில் சொல்லிக்கொண்டார்களாம். காலை பதினோரு மணியிலிருந்து சாயங்காலம் நாலு வரை இரண்டு குடோனிலும் கட்டு அசையக் கூடாது, மில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில் என்று பேசிக்கொண்டோம். எழுத்து எதுவும் இல்லை. அவர் வார்த்தையை நம்பலாமா என்று அப்பா கேட்டார், நம்பாமல் வேறு வழி இருந்தால் சொல்லுங்கள் என்றேன்.

மறுநாள் மில்லின் கொள்முதல் மேலாளர் முன்னால் உட்கார்ந்தேன். நேரத்தை மாற்ற வேண்டும், சாக்குக்கு நாற்பது காசு கூட்ட வேண்டும், அதில் ஒரு பகுதி ஆட்களின் வைத்தியத்துக்கு என்றேன். வெயில் எல்லோருக்கும் பொதுதானே, அதற்கு மில் என்ன செய்யும் என்றார். வெயில் பொதுதான், நாலு மணி உங்களுடையது என்றேன். அவருக்கு முகம் மாறிவிட்டது. இந்த வார ஆர்டரையே நிறுத்திவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, என் எதிரிலேயே இரட்டைத் தையலுக்குப் போன் போட்டு, நான் கேட்க வேண்டும் என்றே ஒலிபெருக்கியில் வைத்தார். மொத்த ஆர்டரும் உங்களுக்கே, மத்தியானம் லாரி வந்தால் போதும் என்றார். இருபது வருஷமாக அந்த மனிதர் ஏங்கியது அந்த ஆர்டருக்குத்தான். அது போனால் என் குடோனுக்குப் பூட்டு, ஒட்டகத்துக்கு இயந்திரம் கிடையாது, இருபத்திரண்டு பேருக்கு வேலை கிடையாது. அந்தப் பக்கம் தையல் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. மேலாளர் இரண்டு தடவை ஹலோ சொன்னார். அப்புறம் இரட்டைத் தையல் நிதானமாகப் பேசினார். "பதினொண்ணுக்கு மேல எங்க குடோன்லயும் கட்டு ஏறாதுங்க. அந்தக்கா என்ன வெல சொன்னாங்களோ அதான் எனக்கும்." மேலாளர் போனை மேஜையில் கவிழ்த்து வைத்தார். எனக்கு டீ வரவழைத்தார், அத்தனை வருஷத்தில் அதுதான் முதல் டீ. அதற்கப்புறம் இரண்டு மணி நேரம் பேரம், அவர் பத்துக் காசில் நின்றார், நான் நாற்பதில் நின்றேன், அவருடைய பருப்பு என்னிடம் முழுதாக வேகவில்லை, என்னுடையதும் அவரிடம் முழுதாக வேகவில்லை.

நீ இதைப் படித்துவிட்டு, இரண்டு வியாபாரிகள் சேர்ந்து விலை பேசியது தப்பு என்று சொல்வாய். சொல்லிக்கொள். இத்தனை வருஷம் நாங்கள் பிரிந்து நின்று விலையைக் குறைத்தோமே, அந்தக் குறைந்த விலைக்கு யாருடைய உடம்பு போயிருக்கிறது என்று எந்தத் தணிக்கையும் என்னைக் கேட்டதில்லை. குடோனை விற்கச் சொன்னதற்கும் இதுதான் பதில். விற்றால் வாங்குகிறவன் அதே தகரத்துக்கு அடியில் அதே இரண்டு மணிக்குக் கட்டு ஏற்றுவான், நான் உன் வீட்டு சோபாவில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதற்கு நான் ஆள் இல்லை. டோக்கன் பலகையில் இருந்த ஆணியை எல்லாம் நானே பிடுங்கிப் போட்டேன். லோடுமேன்கள் அதற்குக் கை தட்டவில்லை, சண்டைக்குத்தான் வந்தார்கள். இப்போது லாரிக்கு நாலு பேர், கூலி சமமாகப் பங்கு என்றதும், சோம்பேறிக்கும் எனக்கும் ஒரே கூலியா என்று இரண்டு நாள் முறைத்துக்கொண்டு திரிந்தார்கள். மூன்றாம் நாள் ஒருவர் நடுவில் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வர, மற்றவர் அவர் கட்டையும் சேர்த்து ஏற்றிவிட்டு வாய் நிறையத் திட்டினார். திட்டினாலும் ஏற்றினார், எனக்கு அது போதும். கழிப்பறை ஒன்று வாசல் பக்கமே கட்டுகிறேன், கொத்தனார் நாளைக்கு வருகிறேன் என்று ஆறு நாளாகச் சொல்கிறார். ஒட்டகம் இனி கட்டு தூக்க முடியாது, அது அவருக்குத் தெரிந்துவிட்டது. சும்மா கொடுத்தால் வாங்கமாட்டேன் என்று முறுக்கிக்கொண்டார். சும்மா யார் கொடுக்கிறார்கள், கட்டுகளில் சாக்கு குறைகிறது, எண்ணிப் பார்க்க ஆள் வேண்டும் என்றேன். இயந்திரத்துக்குப் போகாத நாட்களில் காலையில் வந்து எண்ணுகிறார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் எண்ணுகிறார், போன வாரம் தன் மனைவி பிரித்த கட்டையே இரண்டு குறைகிறது என்று திருப்பி அனுப்பினார், அவள் அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாமல், ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காமல், நிறைந்து வாழ வேண்டும். பேரன் நன்றாகப் படித்து நல்லபடியாக வளர வேண்டும், கணக்கில் குறைந்த மார்க்குக்காக அவனை வையாதே, உனக்கும் அந்த வயதில் அப்படித்தான் இருந்தது. மாப்பிள்ளையின் ஆடுகிற பல்லை இந்த மாதத்துக்குள் எடுத்துவிடச் சொல், தள்ளிப்போட்டால் பக்கத்துப் பல்லையும் கெடுக்கும். அப்பாவின் முழங்கால் பரவாயில்லை. போன வாரம் நீ அனுப்பிய பணத்தை உன் கணக்குக்கே திருப்பியிருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே, இங்கே வரவேண்டியது வர வேண்டிய இடத்திலிருந்து வருகிறது. மில்லோடு நேற்று எழுதிக் கையெழுத்தானது இதுதான்: எடைமேடை சாக்கு லாரிக்குக் காலை ஒன்பதிலிருந்து பதினொன்றரை வரை திறக்கும், வெயில் மாதம் மட்டும் இல்லை, வருஷம் முழுக்க. சாக்குக்கு இருபத்தைந்து காசு கூடுதல், இரண்டு குடோனுக்கும் ஒரே விலை. அதில் எட்டுக் காசு ஆட்களின் வைத்தியத்துக்குத் தனிக் கணக்கில் போகும், மாதா மாதம் மில் நேராகக் கட்டும், நானோ இரட்டைத் தையலோ அதில் கை வைக்க முடியாது. மூன்று வருஷ ஒப்பந்தம், நடுவில் விலையைக் குறைக்கும் பேச்சு கிடையாது.

இப்படிக்கு,
உன் அம்மா,
காலிச் சாக்கு மொத்தம், சில்லறை